விளைந்தாலும் பங்கு, வாடினாலும் பங்கு

சமூக ஆதரவு வேளாண்மையில் சேரும் குடும்பம் ஒரு பருவத்தின் விளைச்சலில் பங்கு வாங்குகிறது. விதைப்புக்கு முன்பே பணம் கட்டப்படும். பிறகு வாரந்தோறும் பண்ணையில் எது விளைகிறதோ அதில் ஒரு பங்கு வீட்டுக்கு வரும். தக்காளி காய்த்துத் தள்ளினால் கூடை நிறையும். ஆலங்கட்டி மழை அடித்தால் கூடை இளைக்கும், கட்டிய பணமோ திரும்பாது. குத்தகையில் நட்டம் உழுதவர் தலையில் விழுகிறது. விளைச்சலைப் பங்கிடும் வாரச் சாகுபடியில் நிலக்காரரும் அதைச் சுமக்கிறார். சாப்பிடுகிறவரையும் நட்டத்தில் சேர்த்ததுதான் இந்த ஏற்பாட்டின் புதுமை. அதைக் காப்பதும் கடினம் என்பது இதன் வரலாற்றில் தெரிகிறது.

ஜப்பானில் இதற்கு வழிவிட்டது அச்சம். 1955-இல் ஆர்செனிக் கலந்த பால்மாவால் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. மினமாட்டா கடலில் கலந்த பாதரசம் மீன் வழியாக மனிதர்களை முடக்கியது. 1968-இல் தவிட்டு எண்ணெயில் நச்சு வேதிப்பொருள் கலந்தது. கடையில் வாங்கியதை நம்பிக் குழந்தைக்குக் கொடுக்க முடியாத நிலையில், நகரத்துப் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து விவசாயிகளைத் தேடிப் போனார்கள். கூட்டுறவு இயக்கத்தில் ஊறிய இச்சிராகு தெருவோ 1971-இல் ஜப்பான் இயற்கை வேளாண்மைச் சங்கத்தைத் தொடங்கினார். அரியோஷி சவாக்கோ நச்சுகளைப் பற்றி 1974 முதல் அசாஹி நாளிதழில் எழுதிய தொடர்கதை நாடெங்கும் பேசப்பட்டது.

இப்படி உருவான ‘தெய்கெய்’ முறையின் பத்துக் கொள்கைகளைச் சங்கம் 1978-இல் வகுத்தது. இரு தரப்பும் கூடிப் பேசி விலையை முடிவு செய்யும். விளைந்தது முழுவதையும் நுகர்வோர் குழு எடுத்துக்கொள்ள வேண்டும். கோணல் வெள்ளரி, பூச்சி அரித்த முட்டைக்கோசு என்று ஒதுக்கக் கூடாது. பிரித்து வீடுகளுக்குச் சேர்ப்பதும், களை மிகுந்தால் வயலில் இறங்குவதும் உறுப்பினர் வேலை. இந்த உழைப்பில் பெரும்பகுதி ஊதியம் வாங்காத இல்லத்தரசிகளுடையது; பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கியதும் பல குழுக்கள் தளர்ந்தன. இம்முறையைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதை அதிகம் சொல்வதில்லை.

அமெரிக்காவில் அலபாமாவின் டஸ்கிகீ பல்கலைக்கழகத்துத் தோட்டக்கலைப் பேராசிரியர் புக்கர் வாட்லி, கறுப்பினச் சிறு விவசாயிகள் நிலத்தை இழந்துவருவதைக் கண்டு வேறொரு வழி சொன்னார்: குடும்பங்களிடம் ஆண்டுக் கட்டணம் வாங்கிக்கொண்டு, தாங்களே வந்து பறித்து மலிவாக வாங்கிப்போக விடுவது. ஆண்டுக் கட்டணத்தால் விவசாயிக்குக் கையில் காசு வந்தது, பறிகூலி மிச்சமானது. ஆனால் விளைச்சல் பொய்த்தால் நட்டம் விவசாயிக்கே. ஆகவே அது இன்றைய முறைக்கு முன்னோடி என்ற அளவில் நின்றது.

முழு வடிவம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஜெனீவாவில் 1978-இல் ஒரு கூட்டுறவுத் தோட்டம் தொடங்கியது. சூரிச் அருகே இன்னொன்று உருவானது. சூரிச்சில் வேலை பார்த்துத் திரும்பிய யான் வான்டர் டுயின், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தெற்கு எக்ரமொன்ட்டில் ‘இண்டியன் லைன்’ பண்ணை வைத்திருந்த ராபின் வான் என் என்பவரைச் சந்தித்தார். நண்பர்களோடு சேர்ந்து 1985 இலையுதிர் காலத்தில் முதலில் ஆப்பிள் பங்குகளை மட்டும் விற்றுப் பார்த்தார்கள். மறு ஆண்டு காய்கறி. சமூக ஆதரவு வேளாண்மை என்ற பெயர் வைத்ததும் அந்தக் குழுவே.

அதே 1986-இல் நியூ ஹாம்ப்ஷரின் டெம்பிள்-வில்டன் பண்ணையும் தொடங்கியது. ஜெர்மனியின் புஷ்பெர்க்ஹோஃப் பண்ணையிலிருந்து வந்த டிராகர் குரோ அதன் நிறுவனர்களில் ஒருவர். இங்கே பங்குக்கு விலையே கிடையாது. ஆண்டுக்கு ஒருமுறை உறுப்பினர்கள் கூடுவார்கள். கூலி, தீவனம், விதை, எந்திரம் என்று அந்த ஆண்டுச் செலவு அவர்கள் முன் வைக்கப்படும். ஒவ்வொருவரும் தம்மால் முடிந்த தொகையைச் சொல்வார்கள். கூட்டிப் பார்த்துத் துண்டு விழுந்தால் மறுபடி ஒரு சுற்று. தொகை நிரம்பும் வரை கூட்டம் கலையாது. தேவையான அளவு காய்கறி எடுத்துக்கொள்ளலாம். அதிகம் தந்தவருக்கு அதிகம் என்ற கணக்கு இல்லை. நட்டப் பங்கீட்டை இவ்வளவு தூரம் கொண்டுபோன பண்ணைகள் குறைவு.

நாடு முழுவதும் பரவியது இண்டியன் லைனின் எளிய வடிவமே: நிலையான விலை, ஒரு பருவம், வாரம் ஒரு கூடை. ராபின் கையேடு எழுதி, ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1997 சனவரியில் காலமானார். அந்த நிலம் அவருடைய சொந்தச் சொத்தாக இருந்ததால் அவருக்குப் பின் பண்ணையின் கதி என்னவென்ற கேள்வி எழுந்தது. பண்ணையில் பயிரிட்டவர்களுக்கு அதை வாங்கக் கட்டுப்படியாகவில்லை. உள்ளூர் நில அறக்கட்டளை 1999-இல் நிலத்தை வாங்கி, அவர்களுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. உறுப்பினர்கள் ஒரு பருவத்து நட்டத்தைத் தாங்கினாலும் நிலத்தின் விலையைத் தாங்க முடியாது என்பதற்கு, இந்த இயக்கத்தின் முதல் பண்ணைகளில் ஒன்றே சாட்சி.

இதற்கிடையே நியூயார்க்கில் இப்படி ஒரு பங்கீட்டைப் பார்த்த வூயோன் தம்பதியர், துலோன் அருகே நகரம் விழுங்கிவந்த தங்கள் பண்ணையில் 2001-இல் அதைத் தொடங்கினார்கள். ‘அமாப்’ என்ற பெயரில் பிரான்ஸ் முழுவதும் அது பரவியது. காய்கறிப் பெட்டி விற்கும் வணிகர்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளாதபடி 2003-இல் சாசனம் எழுதினார்கள்.

அமெரிக்காவில் அந்தக் காவல் இல்லை. பருவம் முழுவதற்கும் கட்டுவது மாதச் சந்தாவாகி, பிடிக்காத காயை மாற்றிக்கொள்வதும் வேண்டாத வாரத்தை விட்டுவிடுவதும் வழக்கமாயின. மொத்தச் சந்தையில் சரக்கெடுத்துப் பெட்டியில் அடைத்தவர்களும் இதே பெயரில் விற்றார்கள். விவசாயிகள் முறையிட்டதன் பேரில் கலிபோர்னியா 2013-இல் சட்டம் இயற்றியது. இப்பெயரில் பெட்டி விற்கும் பண்ணைகள் மாநில வேளாண் துறையில் பதிந்துகொள்ள வேண்டும், பெட்டியில் உள்ளது எந்தப் பண்ணையில் விளைந்தது என்று வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டும். விளையாமல் போனால் யார் தாங்குவது என்பதை அந்தச் சட்டம் வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் இடையிலான ஒப்பந்தத்துக்கே விட்டுவிட்டது.