குணமாதலும் பணிக்குத் திரும்புதலும்: இரு வேறு வரலாறுகள்

கடும் நோயிலிருந்து குணமாவதும், குணமானவர் தம் வேலைக்குத் திரும்புவதும் ஒரே நிகழ்வின் இரு பெயர்கள் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. இந்தியாவின் இருபதாம் நூற்றாண்டு வரலாறு இக்கருத்துக்கு இடம் தருவதில்லை. குணமாதலின் வரலாறு மருத்துவமனைகளிலும் ஆய்வகங்களிலும் நிகழ்ந்தது. திரும்புதலின் வரலாறோ சட்டப் பிரிவுகளிலும் விடுப்பு விதிகளிலும் வருகைப் பதிவேட்டிலும் எழுதப்பட்டது. முதலாவது முன்னே சென்றபோதெல்லாம் இரண்டாவது வெகுதூரம் பின்தங்கியே நின்றது.

காசநோயிலிருந்து தொடங்குவது பொருத்தமானது. வேலை செய்யும் வயதினரையே மிகுதியாகத் தாக்கும் நோய் அது. மருந்து கண்டறியப்படாத காலத்தில் ஓய்வு, தூய காற்று, நல்லுணவு ஆகியனவே சிகிச்சை. இதற்காக உருவானவை சானடோரியங்கள்: இமயமலைச் சாரலில் பவாலி, மதனப்பள்ளிக்கு அருகில் ஆரோக்கியவரம், சென்னைக்கு வெளியே தாம்பரம். அங்கே மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் தங்க வேண்டியிருந்தது. குடும்பத்தின் ஒரே வருவாயாளர் அவ்வளவு காலம் படுத்துவிட்டால், அவர் மீண்டு வரும்போது அவருடைய இடத்தில் வேறொருவர் அமர்ந்திருப்பார். ஆக, நோய் மட்டுமன்றி அதற்கான சிகிச்சையும் ஒருவரை வேலையிலிருந்து பிரித்தது.

இப்பிரிவைக் குறைத்ததில் சென்னைக்குப் பெரும் பங்குண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவற்றின் கூட்டு முயற்சியில் 1956இல் இங்கே காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. வாலஸ் ஃபாக்ஸ் வழிநடத்திய முதல் ஆய்வில், 200க்கும் குறைவான நோயாளிகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். இரு குழுவினருக்கும் ஓராண்டு காலம் ஒரே மருந்துகள்தாம். ஒரு குழு சானடோரியத்தில் இருந்தது. மற்றது நெரிசல் மிகுந்த தத்தம் வீடுகளிலேயே இருந்தது. வீட்டில் இருந்தவர்கள் குறைவாக உண்டனர், கூடுதலாக உழைத்தனர். ஆயினும் இரு குழுவினரின் முன்னேற்றமும் ஏறத்தாழ ஒத்திருந்தது. அவர்களுடைய குடும்பத்தாருக்கும் தொற்றபாயம் கூடவில்லை. 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய்க் கொள்கையை மாற்றியது. ஓய்வைக் காட்டிலும் மருந்தே முதன்மையானது என்று நிறுவப்பட்டபோது, வேலையிலிருந்து நீண்டகாலம் விலகியிருப்பதற்கான மருத்துவக் காரணமும் வலுவிழந்தது.

ஆனால் உடல் மீள்வது மட்டும் போதாது என்பதை அதே காலத்தில் வேலூர் உணர்த்தியது. அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவைச் சிகிச்சையால் மீண்டும் இயங்கச் செய்தார். சிகிச்சை வெற்றி பெற்றது, வாழ்க்கையோ நெருக்கடிக்குள்ளானது. சீரான கைகளை நீட்டினால் பிச்சை கிடைப்பதில்லை. நோயின் தழும்பைக் காண்போர் வேலையும் தருவதில்லை. குணமானவர்கள் திரும்பி வந்து முறையிட்டதை பிராண்ட் பதிவு செய்திருக்கிறார். 1951இல் அவர் நிறுவிய நவஜீவ நிலையம் இதற்கான விடை. தச்சு முதலான தொழில்களை அங்கே கற்பித்தனர். திரும்பிச் செல்ல வேலையே இல்லாதவருக்கு வேலையையும் மருத்துவரே உருவாக்கித் தர நேர்ந்தது.

தொழிற்சாலைகளின் கதை வேறு. 1944ஆம் ஆண்டின் அடார்கர் அறிக்கையை அடியொற்றி 1948இல் ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நோயுற்ற காலத்தில் ஊதியத்தின் ஒரு பகுதியை வழங்கியதோடு இச்சட்டம் நிற்கவில்லை. நோய்க்கால உதவித்தொகை பெறும் தொழிலாளியை வேலையளிப்பவர் நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று அதன் 73ஆம் பிரிவு கூறியது. இந்தியத் தொழிலாளியின் காலியான இடத்தைச் சட்டம் காவல் காத்த தொடக்க நிகழ்வுகளுள் இதுவும் ஒன்று.

அதே காலத்தின் மற்றொரு சட்டம் எதிர்த்திசையில் பேசியது. 1953ஆம் ஆண்டின் திருத்தத்தின் வழியே தொழில் தகராறுச் சட்டத்தில் ஆட்குறைப்புக்கு வரையறை சேர்க்கப்பட்டது. தொடர்ந்த உடல்நலக் குறைவு காரணமாக ஒருவரை நீக்குவது ஆட்குறைப்பாகாது என்று அவ்வரையறை விலக்கு அளித்தது. எனவே ஆட்குறைப்புக்குரிய இழப்பீட்டை அவர் கோர முடியாது. குறுகிய நோய்க்குப் பாதுகாப்பு, நீண்ட நோய்க்கு வாயிற்கதவு. குடியரசின் முதல் பத்தாண்டு இவ்விரண்டையும் அருகருகே வைத்தது.

அரசு ஊழியருக்கு இடம் உறுதி. நுழைவாயிலில் ஒரு தாள் மட்டும் தேவை. 1972ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் (விடுப்பு) விதிகளின்படி, மருத்துவச் சான்றின் பேரில் விடுப்பெடுத்தவர் உடற்தகுதிச் சான்றிதழ் இன்றிப் பணிக்குத் திரும்ப இயலாது. அச்சான்றிதழ் அறிவது ‘தகுதி உண்டு’, ‘இல்லை’ என்ற இரு விடைகளை மட்டுமே. மீண்டு வருபவரின் உடலோ இவ்விரண்டுக்கும் இடையில் இருக்கிறது: நான்கு மணி நேரம் அமர முடியும், எட்டு மணி நேரம் முடியாது. அலுவலக மொழியும் இதற்கு உதவுவதில்லை. புதிதாக நியமிக்கப்பட்டவரும் ஈராண்டு படுக்கையில் இருந்து மீண்டவரும் அங்கே ஒருபோலவே ‘பணியில் சேர்கிறார்கள்’. இடைப்பட்ட காலம் அச்சொல்லில் பதிவாவதில்லை.

நோயின் பெயரையும் வேலை செய்யும் ஆற்றலையும் பிரித்துப் பார்க்கும் சிந்தனை 1990களில்தான் சட்டத்தில் வலுப்பெற்றது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் தொழுநோயிலிருந்து குணமானவர்களையும் மனநோயுற்றோரையும் தன் வரையறைக்குள் கொண்டுவந்தது. பணிக்காலத்தில் இயலாமைக்குள்ளான அரசு ஊழியரை நீக்கவோ தரமிறக்கவோ கூடாது. பழைய பணி இயலாதெனில் அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும். அதுவும் இல்லையெனில் கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்க வேண்டும் என்று அதன் 47ஆம் பிரிவு ஆணையிட்டது. பணியின்போது காயமுற்றுக் காலை இழந்த காவலர் ஒருவரின் வழக்கில் (குணால் சிங் எதிர் இந்திய ஒன்றியம், 2003) இது கட்டாயக் கடமை என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. எச்.ஐ.வி. தொற்றைக் காரணம் காட்டி வேலை மறுக்கப்பட்ட தற்காலிகத் தொழிலாளி ஒருவரின் வழக்கில், தொற்று இருப்பது மட்டுமே ஒருவரைத் தகுதியற்றவராக்காது என்று 1997இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவற்றுள் பெரும்பாலானவை பெயர்ப்பட்டியலில் இடம்பெற்றவர்களையே காக்கின்றன. இந்திய உழைப்பாளரில் மிகப் பெரும்பான்மையோர் அமைப்புசாராத் துறையினர். கட்டடத் தொழிலாளிக்கும் வீட்டு வேலை செய்பவருக்கும் காத்திருக்கும் பணியிடம் இல்லை. சான்றிதழைக் கேட்கும் மேசையும் இல்லை. காசநோயாளிகளுக்கான நிக்ஷய் போஷண் திட்டம் 2018இல் மாதம் 500 ரூபாயுடன் தொடங்கி, 2024இல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அது ஊட்டச்சத்துக்கான உதவியே. இழந்த கூலிக்கு ஈடாகாது.

வீட்டிலிருந்தே குணமாக முடியும் என்று உலகுக்கு மெய்ப்பித்தவர்கள் சென்னையின் நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள். அதனால் சிகிச்சை எளிதானது; அரசுகளின் செலவும் குறைந்தது. அவர்களைப் போன்றவர்கள் குணமான மறுநாள் எங்கே வேலைக்குச் செல்வார்கள் என்ற கேள்விக்கு இதற்கு இணையான ஓர் ஆய்வோ சட்டமோ இன்னும் விடை தரவில்லை. இந்தியப் பொதுச் சுகாதார வரலாற்றை எழுதுவோர் குணமானவர்களின் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளாமல், அவர்களுள் எத்தனை பேர் தம் வேலையைத் திரும்பப் பெற்றனர் என்பதையும் தேடத் தொடங்க வேண்டும்.