மணல்வெளியில் ஓடும் கால்கள்

திருச்சியில் மார்கழி விடியலின் குளிர் பொதுவாக 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். மலையூர்க்காரர்கள் அதைக் குளிர் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீரங்கத் தீவில், பனி இறங்கிய கருங்கல் தளத்தில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அது உள்ளங்காலிலிருந்து ஏறும். அந்த மாதத்தில்தான் ஒரு குழு, சட்டையில்லாத தோளில் தண்டைத் தாங்கி, ஆண்டின் கடினமான பணியைச் செய்கிறது. உற்சவர் நம்பெருமாளைச் சுமந்து ஏளப்பண்ணும் ஸ்ரீபாதந்தாங்கிகள் அவர்கள். நடந்தால் மட்டும் போதாது. சுமையோடு ஓடவும் வேண்டும்.

குளிர்காலப் பணி கார்த்திகையிலேயே தொடங்கிவிடுகிறது. கைசிக ஏகாதசி இரவில் பெருமாளுக்குக் குளிர் தாங்க 365 வஸ்திரங்கள் சாத்துகிறார்கள். மறுநாள் கற்பூரப் படியேற்ற சேவை. பச்சைக் கற்பூரப் பொடி தூவப்பட, படிகளில் பல்லக்கு ஏறும் காட்சியைக் காணக் கூட்டம் காத்துக் கிடக்கும். சுமையோடு படியேறும்போது முன்னால் இருப்பவர் தோளைத் தாழ்த்த வேண்டும், பின்னால் இருப்பவர் உயர்த்த வேண்டும். மேலே இருக்கும் திருமேனி சாயவே கூடாது. மார்கழிக்கு முன்னோட்டமாக இதைவிடப் பொருத்தமான ஒன்றை யாரும் திட்டமிட்டு அமைத்திருக்க முடியாது.

பிறகு வருவது வைகுண்ட ஏகாதசிப் பெருவிழா. திருநெடுந்தாண்டகம், பகல்பத்து, இராப்பத்து என்று மூன்று வாரம் நீள்கிறது. பகல்பத்தில் அர்ச்சுன மண்டபம், இராப்பத்தில் பெரும்பாலும் பரமபத வாசல் வழியாக ஆயிரங்கால் மண்டபத்தின் திருமாமணி மண்டபம் என்று நாள்தோறும் புறப்பாடு. விழா பெரும்பாலும் மார்கழியில்தான். சில ஆண்டுகளில் பஞ்சாங்கக் கணக்குப்படி கார்த்திகைக்கே வந்துவிடும். 2021இல் டிசம்பர் 14 அன்று பரமபத வாசல் திறந்தது அப்படித்தான்.

ஸ்ரீரங்கத்துக்காரர்கள் நம்பெருமாளின் நடையழகைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள். கருடகதி, சிம்மகதி, கஜகதி, சர்ப்பகதி என்று ஒவ்வொரு நடைக்கும் பெயர் உண்டு. மூலஸ்தானத்திலிருந்து வெளிவரும்போது சிங்கம் குகையை விட்டு இறங்குவதுபோல் தயங்கி, இருபுறமும் நோக்கிப் புறப்படுவார். திரும்பி உள்ளே போகும்போது பாம்பு புற்றுக்குள் நுழைவதுபோல் விரைந்து மறைவார். சேவித்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "என்ன நடை, என்ன நடை" என்று உருகுகிறார்கள். உருகத்தான் வேண்டும். அந்த நடை முழுவதும் தண்டின் கீழே இருக்கும் கால்களில் உருவாகிறது என்பதையும் அந்த உருக்கத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். தோளுக்கினியான் பல்லக்கில் வீற்றிருக்கும் திருமேனி அசைவதெல்லாம் அவர்கள் முழங்கால் மடங்கும் அளவு, தோள் சாயும் அளவு, அடியெடுத்து வைக்கும் வேகம் ஆகியவற்றால்தான்.

ஓட்டத்தின் உச்சம் இராப்பத்தின் எட்டாம் நாள் மாலை, திருமங்கை மன்னன் வேடுபரி. ஆலிநாட்டுத் தலைவர் திருமங்கையாழ்வார், அடியார்களுக்கு அமுது படைக்க வழிப்பறி செய்தவர் என்பது குருபரம்பரைக் கதை. மணமகன் கோலத்தில் வந்த பெருமாளையே மறித்துக் கொள்ளையிட்டு, முடிவில் அவரிடமே எட்டெழுத்து மந்திரம் பெற்றார். அந்த நிகழ்ச்சி ஆயிரங்கால் மண்டபத்தை ஒட்டிய மணல்வெளியில் கண்முன் நடக்கிறது. நம்பெருமாள் தங்கக் குதிரையில் வருகிறார். குதிரை பாய்ந்தோடுவதையும், சட்டென நின்று திரும்புவதையும், மீண்டும் பாய்வதையும் தாங்கிகள் ஓடியே காட்டுகிறார்கள். இதுதான் வையாளி. எதிரே ஆழ்வாரையும் ஏளப்பண்ணி வந்து பெருமாளைச் சுற்றி ஓடுகிறார்கள். சூழ்ந்து நிற்கும் ஆயிரக்கணக்கானோரின் ஆரவாரத்தில் பக்கத்தில் இருப்பவர் குரல்கூடக் கேட்காது.

இந்த ஓட்டத்தின் கடினம் பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. தனியாக ஓடுபவர் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்கலாம். ஓட்டக் குழுவில் ஒருவர் களைத்தால் பின்தங்கிக்கொள்ளலாம். மற்றவர்கள் முன்னே போய்க் காத்திருப்பார்கள். தண்டுக்குக் கீழே அந்தச் சலுகை கிடையாது. ஒருவர் அரை அடி பிந்தினால் அவர் பங்குச் சுமை அடுத்தவர் தோளில் இறங்கும். அடிகள் ஒத்து விழாவிட்டால் தண்டு துள்ளித் தோள் எலும்பில் இடிக்கும். திரும்பும்போது வெளிப்புறத்தவர் நீளமாகவும் உட்புறத்தவர் குறுக்கியும் அடி வைக்க வேண்டும். பின்வரிசையில் இருப்பவருக்கு முன்னே தரை தெரியாது. முன்வரிசையின் கால் என்ன செய்கிறது என்பதை மரத்தின் அதிர்விலிருந்துதான் அறிய வேண்டும். உயரம் ஒத்த தோள்களை இணை சேர்ப்பது, யாரை எங்கே நிறுத்துவது, எப்போது தோள் மாற்றுவது ஆகியவற்றைப் பொறுத்தே ஓட்டம் அமைகிறது. இதற்கு உடற்பயிற்சிக் கூடம் கிடையாது. ஆண்டு முழுதும் நடக்கும் புறப்பாடுகளே பயிற்சி.

சுமையோடு ஓடும் விழா வேறு இடத்திலும் உண்டு. இத்தாலியின் குப்பியோ நகரில் ஆண்டுதோறும் மே 15 அன்று, உச்சியில் புனிதர் சிலை பொருத்திய, கால் டன்னுக்கு மேல் எடையுள்ள மூன்று மரத்தூண்களைத் தோளில் சுமந்து, மூன்று குழுக்கள் இங்கினோ மலைக்கு ஓடி ஏறுகின்றன. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவர் உண்டு. அவர் பெயர் ஊர் முழுக்கத் தெரியும்.

ஸ்ரீரங்கத்தில் அப்படி இல்லை. கோயிலில் 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. நிலம் கொடுத்தவர், விளக்கெரிக்கப் பொன் கொடுத்தவர் பெயர்களை அவற்றில் படிக்கலாம். திருமங்கையாழ்வார் வைகுண்ட ஏகாதசி விழாவைத் தொடங்கியதையும், நாதமுனிகள் அதை மீட்டு அரையர் சேவையை அமைத்ததையும் மரபு நன்றியோடு நினைக்கிறது. இராமானுசர் கோயில் பணியாளர்களைப் பத்துக் கொத்தாக வகுத்ததைக் கோயிலின் வரலாற்று நூலான கோயிலொழுகு விரிவாகச் சொல்கிறது. தண்டு சுமந்த தனி மனிதர்களின் பெயர்களைத் தேடினால் கை வெறுமையாகவே திரும்புகிறது.

இத்தனைக்கும் இந்தக் கோயிலின் வரலாறே ஒருமுறை அத்தகைய கால்களை நம்பித்தான் நின்றது. 1323இல் தில்லிப் படை வந்தபோது, மூலவர் முன் கல்திரை எழுப்பிவிட்டு, உற்சவரை எடுத்துக்கொண்டு முதியவரான வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியரும் ஒரு சிறு கூட்டமும் தெற்கே விரைந்தார்கள். குடை இல்லை, மேளம் இல்லை, தீவட்டி இல்லை. மதுரை யானைமலை அருகே ஜோதிஷ்குடியில், இன்றைய கொடிக்குளத்தில், ஆசாரியர் பரமபதித்தார். சுமந்தவர்கள் நிற்கவில்லை. மலையாள நாடு, மேல்கோட்டை, திருமலை என்று திருமேனி அலைந்து, விஜயநகரத் தளபதி கோபணாரியரின் முயற்சியால் 1371இல் செஞ்சி வழியாக ஸ்ரீரங்கம் திரும்பியது. 48 ஆண்டுகள். புறப்பட்டபோது இளைஞராக இருந்தவர் திரும்பியிருந்தால் கிழவராகத் திரும்பியிருப்பார். கோபணாரியரைக் கல்வெட்டு பாடுகிறது. காட்டுவழியில் தோள் மாற்றித் தோள் மாற்றிக் கொண்டுபோனவர்களுக்கும் அந்தச் சுவரில் இடம் இருந்திருக்க வேண்டும்.

வேடுபரி முடிந்தும் இராப்பத்து ஓய்வதில்லை. தீர்த்தவாரி, நம்மாழ்வார் மோட்சம் என்று விழா நிறைவுபெற்ற சில வாரங்களில் தை பூபதித் திருநாள் வந்துவிடும். அதன் எட்டாம் நாள் நம்பெருமாள் மறுபடி தங்கக் குதிரையில் உத்தர வீதிகளை வலம் வருகிறார். மறுநாள் ஓடவிருக்கும் தேருக்கு அருகே, இம்முறை மணலுக்குப் பதில் வீதித் தரையில், மீண்டும் ஒரு வையாளி.