உறைமண் உருகலும் துருவ நீர்நிலைகளின் உலோக மாசும்

பெர்மாஃப்ராஸ்ட் எனப்படும் உறைமண், தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறாமல் கிடக்கும் நிலம். மண், சரளை, பாறை, பனிக்கட்டி எதுவாகவும் அது இருக்கலாம். ஈரமே இல்லாத பாறையும் அந்த அளவுக்குக் குளிர்ந்து கிடந்தால் உறைமண்தான். இந்த நிலம் இளகும்போது, நீண்ட காலம் காற்றும் நீரும் எட்டாமல் அடைபட்டிருந்த உலோகக் கனிமங்கள் கரைந்து ஓடைகளில் கலக்கின்றன. சுரங்கமோ ஆலையோ சாலையோ இல்லாத வட அலாஸ்கப் பள்ளத்தாக்குகளில் ஆறுகள் செம்மஞ்சளாக மாறியிருப்பது இதன் மிகத் தெளிவான உதாரணம்.

உறைமண்ணைப் பற்றிய அறிவு, கிணறு தோண்டப் போன இடத்தில் கிடைத்தது. கிழக்குச் சைபீரியாவில் லேனா ஆற்றங்கரையில் ரஷ்யர்கள் 1632-இல் அமைத்த கோட்டைதான் இன்றைய யாகுட்ஸ்க் நகரம். நடுக்கோடையிலும் இங்கே நிலம் அடிவரை இளகுவதில்லை என்று அதன் ஆளுநர்கள் 1640-களிலேயே மாஸ்கோவுக்கு எழுதினார்கள். அடுத்த நூற்றாண்டில் அங்கே போன இயற்கையியலாளர் யோஹான் கியோர்க் கிமெலினும் அதையே எழுதினார். ஐரோப்பிய அறிஞர்கள் நம்பவில்லை. புதரும் மரமும் வளரும் நிலத்துக்கு அடியில் பனி எப்படி இருக்க முடியும் என்று, அக்காலத்தின் பெரிய நிலவியலாளரான லியோபோல்ட் ஃபோன் புக் போன்றவர்களே கேட்டார்கள். 

அந்த ஐயத்தைத் தீர்த்தவர் ஒரு வணிகர். ரஷ்ய-அமெரிக்க நிறுவனத்தின் முகவராக யாகுட்ஸ்கில் இருந்த ஃபியோதர் ஷெர்கின், 1828-இல் தம் வளாகத்தில் கிணறு வெட்டத் தொடங்கினார். எவ்வளவு தோண்டியும் தண்ணீர் வரவில்லை; வந்ததெல்லாம் உறைந்த மண். அவர் கைவிடப் பார்த்த நேரத்தில், அவ்வழியே பயணம் செய்த கடற்படை அதிகாரி ஃபெர்டினாண்ட் ரேங்கல், அறிவியலுக்காகவாவது தொடரச் சொன்னார். 1837-இல் வேலை நின்றபோது ஆழம் 116 மீட்டரைத் தாண்டியிருந்தது, அடியிலும் பனிதான். தண்ணீர் தராத அந்தக் கிணறு உலக அறிவியலில் இடம் பிடித்தது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகம் அலெக்ஸாந்தர் ஃபோன் மிட்டென்டார்ஃபை அனுப்பியது. 1844 தொடங்கி அவர் கிணற்றுச் சுவரில் துளையிட்டு வெப்பமானிகளைச் செருகி, மேலிருந்து கீழாக அளந்தார். மேற்பகுதி கடுங்குளிராக இருந்தது. கீழே போகப் போகக் குளிர் தணிந்தது. அடியில் ஏறத்தாழ மைனஸ் 3 டிகிரி. பூமியின் உள்வெப்பமும் மேற்பரப்பின் குளிரும் எதிரெதிரே நின்று இந்த உறைநிலத்தின் ஆழத்தை முடிவு செய்கின்றன என்பது அதிலிருந்து புலப்பட்டது.

மிட்டென்டார்ஃபுக்கு வழிகாட்டிக் குறிப்புகள் எழுதித் தந்தவர் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபோன் பேயர். பாலூட்டிகளின் கருமுட்டையைக் கண்டறிந்த அதே பேயர்தான். சைபீரிய உறைநிலம் பற்றி அவர் 1843 அளவில் தொகுத்த நூல் அச்சுக் கோக்கப்பட்டும் வெளிவராமல் கிடந்து, 2001-இல்தான் ஜெர்மனியில் பதிப்பானது. 1927-இல் மிகயில் சும்கின் சோவியத் நாட்டின் உறைநிலம் பற்றிய முதல் பெருநூலை எழுதி, இதைத் தனித் துறையாகவே நிலைநிறுத்தினார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் அலாஸ்கா நெடுஞ்சாலையை அமைத்தபோது, சாலை சேற்றில் புதைவது கண்டு ரஷ்ய நூல்களைத் தேடிப் படிக்க வேண்டியிருந்தது. அவற்றைத் தொகுத்து 1943-இல் கையேடாகத் தந்தவர் சைமன் முல்லர்; பெர்மாஃப்ராஸ்ட் என்ற பெயரும் அவர் இட்டதே.

பரப்பைக் கொண்டு உறைமண்ணை நான்காகப் பிரிப்பது வழக்கம். நிலத்தடியில் 90 விழுக்காட்டுக்கு மேல் உறைந்திருந்தால் தொடர் உறைமண். 50 முதல் 90 வரை விட்டுவிட்டுக் காணப்படுவது. 10 முதல் 50 வரை சிதறலானது. அதற்கும் குறைந்தால் தனித்திட்டு. தொடர் வகை சைபீரியாவின் சில இடங்களில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழ்ந்திருக்கிறது. பனியின் அளவை வைத்தும் கடலடி, மலை என இடத்தை வைத்தும் வேறு பிரிவுகள் உண்டு. நீரின் தன்மைக்கு இவற்றைவிட முக்கியமானது மேலே இருக்கும் மெல்லிய அடுக்கு. கோடையில் இளகிக் குளிர்காலத்தில் மறுபடி உறையும் இந்த அடுக்கில்தான் மழைநீர் ஊறி நகரும். அதற்குக் கீழே உறைமண் தளம் போட்டதுபோல் நீரைத் தடுத்துவிடும். இந்த அடுக்கு ஆண்டுக்காண்டு தடித்தால், அதுவரை நீரே காணாத பாறைகளுக்கு நீர் போய்ச் சேரும்.

அப்பாறைகளில் பைரைட் இருந்தால் வினை தொடங்கிவிடும். தங்கம் என்று பலரை ஏமாற்றிய மஞ்சள் பளபளப்புக் கல் இது. உள்ளிருப்பது இரும்பும் கந்தகமும். நீரும் ஆக்சிஜனும் பட்டதும் கந்தக அமிலம் உண்டாகி, இரும்பு கரைந்து வெளியேறுகிறது. அமிலத்தில் வாழும் நுண்ணுயிர்கள் இவ்வினையைப் பலமடங்கு விரைவாக்குகின்றன. போகும் வழியெல்லாம் அந்த அமிலம் பாறையிலிருந்து துத்தநாகம், நிக்கல், செம்பு, காட்மியம், அலுமினியம் ஆகியவற்றையும் கரைத்துக்கொண்டு போகிறது. கரைந்த இரும்புக்கு நிறம் இல்லை. அமிலம் தணிந்து காற்று கலந்த ஆற்றில் சேர்ந்த பிறகே அது துருவாகப் படிகிறது. ஆகவே மலைமேல் தெளிவாகக் கசியும் ஊற்று, கீழே செம்மஞ்சளாக ஓடும் ஆற்றைவிடக் கொடியதாக இருக்கலாம். சதுப்பு நிலங்களின் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள இரும்பைக் கரைத்துவிடுவதாலும் நிறம் வருவதுண்டு. ஆனால் வட அலாஸ்காவின் புரூக்ஸ் மலைத்தொடரில் முதன்மைக் காரணம் பைரைட்தான்.

துருநிறம் இப்பகுதிக்கு முற்றிலும் புதிதல்ல. அலாஸ்காவின் வடமேற்கில் துருவேறிய ஓடைகளை வானிலிருந்து கண்ட ஒரு சிறுவிமான ஓட்டி சொன்ன தகவலைப் பின்தொடர்ந்துதான் உலகின் மிகப் பெரிய துத்தநாகச் சுரங்கங்களில் ஒன்றான ரெட் டாக் கண்டறியப்பட்டது. அவருடைய நாயை வைத்துப் பெயர் பெற்ற அந்தச் சுரங்கம் 1989-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அண்டார்க்டிகாவில் டெய்லர் பனியாற்றின் முகப்பில் செந்நிறமாக வழியும் நீரை 1911-இல் கண்டவர்கள் பாசி என்று நினைத்தார்கள், அதுவும் இரும்புதான். புதியது, மாற்றத்தின் வேகம்.

அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை, அமெரிக்க நிலவியல் ஆய்வகம், டேவிஸிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட கட்டுரை, புரூக்ஸ் மலைத்தொடரில் 75 ஓடைகள் நிறம் மாறியதைப் பதிவு செய்தது. பழைய செயற்கைக்கோள் படங்களைப் புரட்டியபோது, சில ஓடைகளில் 2008 முதலே கறை தெரிந்தது. 2017, 2018 அளவில் அது பரவலானது. வழக்கமாக 8 அளவில் இருக்கும் நீரின் பி.எச். சில மாதிரிகளில் கடும் அமிலமான 2.3 வரை இறங்கியிருந்தது. கோபுக் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவின் அகில்லிக் ஆற்றில் சேர்ந்த ஒரு கிளையோடை, ஒரே ஆண்டு இடைவெளியில் தெளிவிலிருந்து செம்மஞ்சளானது. அதிலிருந்த டாலி வார்டன் மீன் குஞ்சுகளும் சிறு மீன்களும் மறைந்தன. அமிலம் கசியும் சரிவுகளில் துந்திராச் செடிகள் கருகிக் கிடக்கின்றன.

அதே பூங்காவின் சால்மன் ஆறு 1980 முதல் அமெரிக்கச் சட்டப்படி இயற்கை மாறாது காக்கப்படும் ஆறு. 1977-இல் வந்த ஜான் மெக்ஃபியின் அலாஸ்கப் பயண நூல் அதன் நீரின் தெளிவை வியந்துதான் தொடங்குகிறது. 2019-இல் அந்த ஆறு நிறம் மாறியது. மாதிரி எடுத்த 10 கிளையாறுகளில் 9-இல், ஏதேனும் ஓர் உலோகமாவது நீர்வாழ் உயிர்களுக்கான பாதுகாப்பு வரம்பைத் தாண்டியதாக 2025-இல் வெளியான ஆய்வு காட்டியது. மீனின் சதையில் உலோகம் மனிதருக்குத் தீங்கு செய்யும் அளவில் இல்லை. கெடுவது மீனின் உணவும் முட்டையிடும் இடமும்: இரும்புப் படிவு கூழாங்கற்களின் இடுக்குகளை அடைத்தால் முட்டைக்கு ஆக்சிஜன் கிடைக்காது. இனுப்பியாட் பழங்குடி ஊர்கள் நம்பியிருக்கும் சம் சால்மன் மீன் முட்டையிடுவது அந்த இடுக்குகளில்தான்.

பாதரசம் வேறு வழியில் வருகிறது. காற்றில் வந்து செடிகளில் படிந்து, அவை மட்கிய மண்ணோடு உறைந்து சேர்ந்தது அது. வட உறைமண் பகுதிகளின் மண்ணில் சுமார் 16.5 லட்சம் டன் பாதரசம் இருப்பதாகவும் அதில் ஏறத்தாழ பாதி உறைந்த நிலையில் இருப்பதாகவும் 2018-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. பின்னர் வந்த கணக்கு அந்த மொத்த அளவில் பாதிக்கும் குறைவு. கனடாவின் வடமேற்கில் பீல் பீடபூமியில் உறைமண் சரிவுகள் இடிந்து விழும் இடங்களுக்குக் கீழே, ஓடைநீரில் பாதரசம் மிக உயர்ந்த அளவில் பதிவாகியிருக்கிறது. பெரும்பகுதி வண்டல் துகள்களோடு ஒட்டியே போகிறது. சதுப்புகளில் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றினால், மீன் வழியாகச் சாப்பாட்டுத் தட்டு வரை வரும்.

மனிதன் உறைமண்ணை நம்பிப் புதைத்தவையும் உண்டு. கனடாவின் யெல்லோநைஃப் நகரை ஒட்டிய ஜயன்ட் தங்கச் சுரங்கம் 1948 முதல் 2004 வரை இயங்கியது. தாதுவை வறுத்தபோது வந்த ஆர்செனிக் ட்ரையாக்சைடு தூள் 2,37,000 டன், நிலத்தடி அறைகளில் கொட்டப்பட்டது. உறைமண் அதை அடைத்து வைத்திருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். தோண்டும் வேலையே அந்த உறைமண்ணை இளக்கிவிட்டது. கிரேட் ஸ்லேவ் ஏரி பக்கத்திலேயே இருப்பதால், வெப்பத்தை வெளியேற்றும் குழாய்களைப் பதித்து அந்த அறைகளைச் செயற்கையாக உறைய வைக்கும் வேலை நடக்கிறது. ஆர்க்டிக் உறைமண் பகுதியில் இதுபோல் தொழில்துறை மாசு புதைந்த இடங்கள் 13,000 முதல் 20,000 வரை இருக்கக்கூடும் என்று 2023-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் தலைமையிலான குழு மதிப்பிட்டது.

ஆல்ப்ஸ் மலையிலும் தெற்கு டிரோலின் ஏரியொன்றில், பனி கலந்த பாறைக் குவியல் உருகியதால் நிக்கல் குடிநீர் வரம்பைப் பலமடங்கு தாண்டியது. அமிலத்தைத் தணிக்கச் சுரங்கக் கழிவுநீரில் சுண்ணாம்பு கலக்கும் முறை இருந்தாலும், சாலையே இல்லாத நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மலைச்சரிவில் அதைச் செய்ய இயலாது. அலாஸ்காவில் மாதிரி எடுப்பும் செயற்கைக்கோள் கண்காணிப்பும் தொடர்கின்றன. உறைமண்ணின் பெரும்பகுதியைக் கொண்ட ரஷ்யாவோடு மேற்கத்திய ஆய்வாளர்களின் கூட்டுப்பணி 2022-க்குப் பின் பெருமளவு நின்றுபோயிருக்கிறது.