'கர்நாடகம்' எழுதிய இசை விமரிசனம்

பழமையில் ஊறியவரைச் 'சுத்தக் கர்நாடகம்' என்று நம் வீடுகளில் கேலி செய்வதுண்டு. அக்கேலிச் சொல்லையே புனைபெயராகச் சூடி, ஆனந்த விகடனில் 'ஆடல் பாடல்' பகுதியை எழுதியவர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி. நாவலாசிரியராக அவரை நாடறியும். இசை விமரிசகராக நினைப்பவர் சிலரே.

1899 இல் மாயூரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்த அவர், திருச்சி தேசிய உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். 1921 இல் ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்து, இறுதித் தேர்வு எழுதாமலே வெளியேறினார். தலைமையாசிரியனாக இருந்தவன் இதைப் புகழ்தல் முறையன்று. ஆயினும் தேர்வு எழுதியிருந்தால் நமக்கு ஒரு நல்ல குமாஸ்தா கிடைத்திருப்பார், அவ்வளவே. 1922 இல் ஓராண்டுச் சிறை. பிறகு திருச்சிக் காங்கிரஸ் அலுவலகத்தில் பணி. ஸ்ரீரங்கத்து டாக்டர் தி. சே. சௌ. ராஜனின் பழக்கம். 1923 இல் திரு. வி. க.வின் நவசக்தி, 1931 முதல் விகடன்.

அவர் வித்துவான் அல்லர். அதுவே அவருடைய பலம். சுரக் கணக்கு ஆராயும் பண்டிதர்களுக்காக அவர் எழுதவில்லை. கச்சேரி முடிந்து வீடு திரும்பும் ரசிகன் துணைவனிடம் முணுமுணுப்பதை, நகைச்சுவை தோய்ந்த நல்ல தமிழில் அச்சேற்றினார். கச்சேரிக்கே போயறியாத சிற்றூர் வாசகரும் விரும்பிப் படித்தனர்.

1941 இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் கூடிய தமிழிசை மாநாடு, மேடைகளில் தமிழ்ப் பாடல்கள் மிகுதல் வேண்டும் என்றது. அதனால் சங்கீதத்தின் தரம் தாழும் என்று பெரியோர் சிலர் அஞ்சினர். 'தரம் குறையுமா?' என்று கல்கி திருப்பிக் கேட்டார். அதுவே அவருடைய நூலொன்றின் பெயருமாயிற்று. பிற மொழிக் கீர்த்தனைகளை விலக்குமாறு அவர் சொல்லவில்லை. தமிழ்ப் பாட்டைக் கச்சேரியின் கடைசியில் துக்கடாவாக ஒதுக்கும் வழக்கமே அவரை உறுத்தியது. வானொலியில் தமிழ்ப் பாட்டு எத்துணை என்ற வினாவும் அந்நாளில் எழாமல் இல்லை. 1939 இல் தோன்றிய நம் திருச்சி நிலையம் அப்பொழுது இளங்குழந்தை.

அவரிடம் குறையே இல்லையோ? இருந்தது. அவ்வாண்டிலேயே 'கல்கி' இதழைத் தொடங்கியபோது உடன் நின்றவர் சதாசிவம். அதற்குப் பொருள் சேர்க்கவே எம். எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்தார். 1945 இல் வெளிவந்த 'மீரா'வுக்குக் கல்கியே பாட்டெழுதினார். நண்பரின் இசையை நடுநிலையோடு எடைபோடுதல் எவர்க்கும் அரிது. அவர்க்கும் அரிதாகவே இருந்திருக்கும்.

தியாகராஜ கீர்த்தனைகளில் உயிரை வைத்திருந்த என் தந்தையார், ஸ்ரீரங்கத்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கல்கியின் கட்டுரைகளைச் சினந்துகொண்டே படிப்பாராம். 1954 டிசம்பர் 5 இல், சென்னையில் இசை விழாக்கள் நெருங்கும் வேளையில், கல்கி மறைந்தார். பல்லாண்டு சென்று தந்தையாரும் மறைந்தபின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அக்கட்டுரைகளெல்லாம் கத்தரித்து, வரிசையாக அடுக்கி, நூலிட்டுத் தைக்கப்பட்டிருந்தன.