தார் டீசலை ஓவரா குடிக்குதா? உங்க வலது காலை முதல்ல கவனிங்க!

"லிட்டருக்கு எவ்ளோ கொடுக்குது?" டீசல் ஃபோர் வீல் டிரைவ் வாங்கினவங்களை, கல்யாண வீடு வரைக்கும் துரத்தும் கேள்வி இது. ஒரே மாடல், ஒரே இன்ஜின்தான். ஆனா, ஒருத்தர் சிரிப்பார், இன்னொருத்தர் புலம்புவார். காரணம் பெரும்பாலும் ஓட்டுற விதம்தான்.

மஹிந்திரா தாரின் 2.2 லிட்டர் டர்போ டீசலையே எடுத்துக்கோங்க. அதன் முழு டார்க்கான 300 நியூட்டன் மீட்டரும் 1,600 - 2,800 ஆர்.பி.எம்-லேயே கிடைச்சிடும். அதனால், ஒவ்வொரு கியரிலும் 3,500 வரை விரட்டுறது வெறும் சத்தத்துக்குத்தான். 2,000-ஐ ஒட்டி கியரை மாத்திடுங்க. அதுக்காக 1,200-ல் டாப் கியரைப் போட்டு மிதிக்காதீங்க. டர்போ சுழலாது, இன்ஜின் திணறும்.

நெடுஞ்சாலையில் 80-ல் போறதுக்கும் 110-ல் போறதுக்கும் நடுவில், காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிடும். பெட்டி மாதிரி வடிவம், மேலே கேரியர் வேற... அப்புறம் டீசல் செலவைக் கேட்கணுமா?

கெத்துக்காக தார் ரோட்டில் 'ஃபோர் ஹெச்' போடுறவங்களும் உண்டு. முன், பின் சக்கரங்களைப் பூட்டிவைக்கும் அமைப்பு அது. வளைவில் டயர் தேயும், கியர் பாகங்கள் முறுகும். மண், சேறு, மணலுக்கு மட்டும் போதும்.

இப்போ முக்கியமான விஷயம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, 'மிச்சம் பிடிக்கிறேன்'னு நியூட்ரல் போடுறவரா நீங்க? கணக்கே தப்பு பாஸ்! கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டா, இன்ஜினுக்கு டீசல் போறதே நின்னுடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுத்தும். நியூட்ரல்லயோ, இன்ஜின் ஓட டீசல் போயிட்டே இருக்கும். இன்ஜின் பிரேக்கிங்கும் கிடையாது. ரெண்டு டன்னுக்குப் பக்கமான வண்டியை பிரேக் மட்டுமே பிடிச்சு நிறுத்தணும். அது சூடேறிக் கைவிட்டா, மிச்சம் பிடிச்ச டீசலா காப்பாத்தும்?

பி.எஸ் 6 வண்டின்னா இன்னொண்ணு. தினமும் ரெண்டு மூணு கிலோமீட்டர் மட்டுமே ஓட்டினா, டி.பி.எஃப் வடிகட்டியில் கரி சேரும். அதை எரிக்கவும் டீசல்தான் செலவாகும். அப்பப்போ பைபாஸ் பக்கம் ஒரு அரை மணி நேரம் ஓட்டிட்டு வாங்க.

மைலேஜை டிஸ்ப்ளே பார்த்து முடிவு பண்ணாதீங்க. ஆட்டோ கட் ஆகும்வரை டேங்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரை ஜீரோ ஆக்குங்க. அடுத்த முறை அதே பங்க்கில் நிரப்பும்போது, 456 கி.மீ ஓடி 38 லிட்டர் பிடிச்சா, உங்க மைலேஜ் 12.