சத்தம் சமமான கதை: ஊசி டப்பாவிலிருந்து பென் டிரைவ் வரை

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவுல சுமார் 40 கிலோமீட்டர். தனியார் பஸ்ஸில் போனா, இறங்குறதுக்குள்ள ஒரு பத்து பாட்டு ஓடிடும். அதுக்குள்ள டிரைவர் கை வால்யூம் குமிழுக்கு எத்தனை தடவை போகுதுன்னு எண்ணிப் பாருங்க. எழுபதுகளில் வந்த மெலடி ஓடுச்சுன்னா இஞ்சின் சத்தத்துல கரைஞ்சிடும், ஏத்துவார். அடுத்தது 2005-க்குப் பிறகு வந்த குத்துப்பாட்டு. விக்கிரவாண்டி வரைக்கும் நிம்மதியா தூங்கிக்கிட்டு வந்த பெரியவர் அலறிப் புடைச்சிக்கிட்டு எழுந்திருப்பார், உடனே குறைப்பார். ஏன் எல்லாப் பாட்டும் ஒரே சத்தத்துல இருக்கக்கூடாது? கேள்வி சின்னதுதான். பதிலுக்குப் பின்னாடி நூறு வருஷத்துக்கும் மேல கதை இருக்கு. கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம் :-)

1902-ல் கிராமஃபோன் கம்பெனியின் ஃபிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பதிவு செஞ்சார். அப்போ மைக் கிடையாது. ஒரு பெரிய குழலுக்கு முன்னாடி நின்னு பாடணும், அந்த அதிர்வுதான் நேரடியா மெழுகுத்தட்டுல கோடு கிழிக்கும். மேல்ஸ்தாயி வந்தா பாடுறவங்க பின்னாடி நகரணும், கீழே வந்தா குழலுக்கிட்ட வரணும். அதாவது வால்யூம் கண்ட்ரோல்ங்கிறது பாடகரோட கால்!

கேட்கிறவங்க வீட்டுலயும் குமிழ் இல்லை. என்ன செஞ்சாங்க? ஊசியை மாத்தினாங்க. கிராமஃபோன் ஊசி சின்னத் தகர டப்பாவுல வரும். அதுலயே சத்தமான ஊசி, நடுத்தர ஊசி, மெல்லிய ஊசின்னு வகை இருந்துச்சு. கல்யாண வீட்டுக்கு ஒரு ஊசி, ராத்திரி தனியா கேட்க ஒரு ஊசி. 1925-ல் மின்சார ஒலிப்பதிவு வந்தப்புறம்தான் மைக்கும், அதைக் கூட்டிக் குறைக்கிற குமிழும், குமிழைப் பிடிக்கிற ஒலிப்பதிவாளரும் வந்தாங்க.

அடுத்து ரேடியோ. சென்னை வானொலி 1938, திருச்சி 1939, நமக்குப் பக்கத்துல புதுச்சேரி 1967. ஆனா சினிமாப் பாட்டுன்னா நம்ம பக்கத்து ஜனங்களுக்கு இலங்கை வானொலிதான். 1952-ல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரா வந்தப்புறம் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய காணாமலே போச்சு. 1957-ல் விவித் பாரதி வர்ற வரைக்கும் இந்தியா முழுக்க கொழும்பைத்தான் தேடிக்கிட்டு இருந்துச்சு.

கடல் தாண்டி வர்ற அலை ராத்திரியில ஏறும், இறங்கும். அப்படியே கேட்டா பாட்டு ஊஞ்சல் ஆடின மாதிரி இருக்கும். இதுக்கு வைத்தியம் பார்த்தவர் ஹரால்டு வீலர்ங்கிற அமெரிக்கர். வர்ற அலை பலவீனமானா ரேடியோ தானே பெருக்கத்தைக் கூட்டும், பலமானா தானே குறைக்கும். இப்படி ஒரு சுற்றை 1925-லயே உருவாக்கினார். பிறகு அது எல்லா ரேடியோவுலயும் உட்கார்ந்துடுச்சு. டீக்கடை ரேடியோவுல கொழும்பும் திருச்சியும் கிட்டத்தட்ட ஒரே சத்தத்துல கேட்டுச்சுன்னா அந்தப் புண்ணியம் இவருக்குத்தான்.

இப்ப எனக்குப் பிடிச்ச கட்டத்துக்கு வர்றேன். ரெக்கார்டிங் சென்டர்!

கேசட்டை ஃபிலிப்ஸ் கம்பெனி 1963-ல் கொண்டு வந்துச்சு. நம்ம சின்ன ஊர்களில் அது கொடிகட்டிப் பறந்தது எண்பதுகளில். ஒரு காலி கேசட்டும், பாட்டுப் பட்டியல் எழுதின ஒரு தாளும் கொடுத்தா, கடைக்கார அண்ணன் நாலு நாள் கழிச்சு பதிவு பண்ணித் தருவார். எங்க அப்பா எழுதின பட்டியல் ரெண்டு இன்னும் வீட்டுல இருக்கு. ஏ பக்கம் ஆறு பாட்டு, பி பக்கம் ஆறு பாட்டு, "மிச்சம் இருந்தா ஏதாவது நாதஸ்வரம்"னு கடைசியில ஒரு குறிப்பு.

அந்த அண்ணன் செஞ்ச வேலையை இப்ப யோசிச்சா ஆச்சரியமா இருக்கு. பட்டியல்ல இருக்கிற பன்னிரண்டு பாட்டும் பன்னிரண்டு தட்டுல இருக்கும். தட்டுக்குத் தட்டு சத்தம் மாறும். எல்.பி. தட்டுல சத்தத்துக்கு விலை இடம்தான். பாட்டைச் சத்தமா வெட்டினா கோடு அகலமாகும், அகலமானா நேரம் குறையும். அதனால ஒரு பக்கத்துல நிறையப் பாட்டு அடைச்ச தட்டு மெதுவா ஒலிக்கும். ரெண்டே பாட்டு இருக்கிற 45 சுற்றுத் தட்டு கணீர்னு ஒலிக்கும். அண்ணன் ஒவ்வொரு பாட்டுக்கும் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கிட்டே குமிழைத் திருப்பணும். முள் சிவப்புக்குப் போயே கிடந்தா குரல் கரகரக்கும். ரொம்பக் கீழே கிடந்தா 'உஸ்ஸ்'ங்கிற நாடா இரைச்சல் பாட்டுக்கு மேல ஏறிடும். காதும் கையும் வெச்சு சத்தத்தைச் சமன் செஞ்ச மனுஷங்க அவங்க. எந்தச் சரித்திரத்துலயும் அவங்க பேர் இல்லை.

வீட்டு டேப் ரெக்கார்டர் கதை வேற. அதுல அளவைத் தானா சரிசெய்யிற ஒரு சுற்று இருந்துச்சு. பேசினா குரலை எடுத்துக்கும். பேச்சை நிறுத்தினா எதையாவது பிடிக்கணுமேன்னு பெருக்கத்தை ஏத்தும். எங்க பாட்டி பேசின கேசட் ஒண்ணு இருக்கு. அவங்க மூச்சு வாங்குற ஒவ்வொரு இடத்துலயும் சீலிங் ஃபேன் மெல்ல மெல்லப் பெரிசாகி வரும். அடுத்த வார்த்தை வந்ததும் பொசுக்குனு அடங்கிடும்.

1982-ல் சி.டி. வந்துச்சு. நாடா இரைச்சல் இல்லை, கோட்டு அகலத் தொல்லை இல்லை. ஆனா உச்சியில ஒரு கூரை இருக்கு. அந்த எண்ணுக்கு மேல போக முடியாது, போனா அலையோட தலை வெட்டுப்படும். அப்ப "மத்தவன் பாட்டை விட என் பாட்டு சத்தமா கேட்கணும்"னா என்ன வழி? உச்சியை நசுக்கிட்டு மத்ததையெல்லாம் கூரை வரைக்கும் தூக்குறது. தொண்ணூறுகளில் உலகம் பூராவும் இந்தப் போட்டி சூடு பிடிச்சது. 2008-ல் மெட்டாலிகாவின் 'டெத் மேக்னடிக்' வந்தப்ப ரசிகர்களே சத்தம் தாங்கலைன்னு சண்டைக்கு வந்தாங்க. நம்ம பாட்டுகளும் விதிவிலக்கில்லை. எண்பதுகளோட சி.டி.க்கும் இதுக்கும் 8, 10 டெசிபல் வித்தியாசம் சாதாரணம். 10 டெசிபல் கூடினா காதுக்கு ஏறத்தாழ ரெண்டு மடங்கு சத்தம்.

அதுக்கு நடுவுல எம்பி3. நெடுஞ்சாலை மோட்டல் வாசல்ல வித்த சி.டி. ஞாபகம் இருக்கா? 700 மெகாபைட், 150 பாட்டு. பழசு, புதுசு, பக்தி, கானா எல்லாம் ஒரே தட்டுல. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சத்தத்துல. குமிழைத் திருப்பித் திருப்பி ஒரு தலைமுறைக்கே கை வலிச்சுது.

சரி, உச்சியை அளந்து எல்லாத்தையும் ஒரே உயரமாக்கிட்டா போதாதா? போதாது. காது உச்சியைக் கணக்குல எடுக்கிறதில்லை, சராசரியைத்தான் எடுக்குது. அதுவும் எல்லா ஸ்தாயியையும் ஒண்ணா எடுக்காது. ஃபிளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் 1933-லயே இதை வரைபடமாப் போட்டுக் காட்டினாங்க. 2,000-லிருந்து 5,000 ஹெர்ட்ஸ் பக்கம் நம்ம காது ரொம்பக் கூர்மை. இதை வெச்சு 2001-ல் டேவிட் ராபின்சன் 'ரீப்ளே கெயின்'ங்கிற முறையை முன்வெச்சார். பாட்டைத் துண்டு துண்டா, காது கேட்கிற விதத்துல எடை போட்டு அளந்து, எவ்வளவு கூட்டணும் குறைக்கணும்னு ஒரு எண்ணைக் கோப்புலயே குறிச்சு வைக்கிறது.

ஆனா மலிவான பிளேயர்களுக்கு அந்தக் குறிப்பைப் படிக்கத் தெரியாது. அதுக்குத்தான் எம்பி3கெயின். எம்பி3 கோப்பு ஒவ்வொரு சின்னச் சட்டமா இருக்கும். ஒவ்வொண்ணுலயும் சத்த அளவுக்குன்னு ஒரு எண் இருக்கும். அந்த எண்ணை மட்டும் மாத்துறது. ஒரு படிக்கு 1.5 டெசிபல். பாட்டை அவிழ்த்து மறுபடி அடைக்கிறதில்லை, அதனால தரம் போகாது. வேண்டாம்னா பழையபடி திருப்பிக்கலாம். இலவச மென்பொருள் வேற.

பெரிய இடங்களுக்கும் புத்தி வந்துச்சு. 2006-ல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் சத்தத்தை அளக்க ஒரு பொது முறையைக் கொண்டு வந்துச்சு. 2010-ல் ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் அதை வெச்சு அளவு நிர்ணயிச்சாங்க. இணையத்துல பாட்டு தர்ற சேவைகள் பலதும் இப்ப தாங்களே சமன் செய்யுது. அதிகச் சத்தத்தோட வர்ற பாட்டு இறக்கப்படும், அவ்வளவுதான். நசுக்கினவனுக்கு லாபம் இல்லை.

இதெல்லாம் எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்னு கேட்கலாம். ரெண்டு காரணம்.

ஒண்ணு, காது. 85 டெசிபல்ல 8 மணி நேரம் இருக்கலாம்னு வேலையிடங்களுக்கு ஒரு கணக்கு. 3 டெசிபல் கூடினா நேரம் பாதி. 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. பயணி ஒரு மணி நேரத்துல இறங்கிடுவார். அந்த டிரைவரும் கண்டக்டரும் நாள் பூரா அங்கேதான்.

ரெண்டு, சமன் செய்யிறதுக்கும் தட்டையாக்குறதுக்கும் உள்ள வித்தியாசம். செஞ்சி, மயிலம், திண்டிவனம் சுத்துப்பட்டுல திரௌபதியம்மன் கோயில் கூத்து விடிய விடிய நடக்கும். கட்டியக்காரன் ஏதோ முணுமுணுப்பான், கூட்டம் காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கும். அப்புறம் துரியோதனன் திரையைத் தள்ளிக்கிட்டு வருவான் பாருங்க, கொட்டகையே அதிரும். அந்த இடைவெளிதான் கூத்து. மைக் செட்காரங்களும் வீட்டுக்காரங்களும் பதிஞ்ச கூத்துக் கேசட்டுகள் இன்னும் எத்தனையோ பரண்ல கிடக்கு. அதைக் கணினிக்கு மாத்தும்போது "சத்தத்தைச் சரி பண்ணு"ன்னு ஒரு பொத்தானைத் தட்டினா, சில மென்பொருள்கள் முணுமுணுப்பையும் கர்ஜனையையும் ஒரே உயரத்துக்கு அரைச்சுக் கொடுத்துடும். வெட்டுப்பட்ட உச்சி திரும்பி வராது. நாடாவும் வருஷா வருஷம் உதிர்ந்துக்கிட்டே இருக்கு.

அதனால நான் வெச்சிருக்கிற வழக்கம் இது. முதல் பிரதி கூரைக்குக் கொஞ்சம் கீழேயே, எந்தத் திருத்தமும் இல்லாம. கேட்கிறதுக்கு இன்னொரு பிரதி, அதுல மட்டும் அளவு மாத்தம். கலந்து கேட்கிற பாட்டுக்குப் பாட்டு வாரியா சமன். ஒரு படத்தோட பாட்டுன்னா மொத்தத் தொகுப்புக்கும் ஒரே அளவு. அந்தத் தொகுப்புல இருக்கிற தாலாட்டு தாலாட்டாவே இருக்கட்டும், குத்துப்பாட்டோட போட்டி போட வேண்டாம். பாட்டி கேசட்டுல ஃபேன் சத்தத்தையும் விட்டு வெச்சிருக்கேன், அது அந்த வீட்டுச் சத்தம்.

உங்க ஊர் ரெக்கார்டிங் சென்டர் கதை இருந்தா எழுதுங்க மக்களே. குமிழ் பிடிச்ச அந்தக் கைகள் பத்தி நாமதான் எழுதணும். அதுக்கு முன்னாடி பரண்ல ஏறி அந்தக் கேசட் பெட்டியை இறக்குங்க. பூஞ்சை பிடிக்கிறதுக்குள்ள.