டிக்கியில் நாலு மணல் மூட்டை

வேலைக்காக அமெரிக்காவின் மினசோட்டாவுக்குப் போனப்போ, நான் வாங்கினது ஒரு பழைய பின்சக்கர டிரைவ் கார். முதல் பனிக்கே வீட்டு வாசல் ஏத்தத்துல ஏறல, பின்சக்கரம் நின்ன இடத்துலயே சுத்துச்சு. பக்கத்து வீட்டுப் பெரியவர் டிக்கில நாலு மணல் மூட்டை போடச் சொன்னார். போட்டேன், ஏறிடுச்சு. மூணாவது நாள் ஒரு சந்திப்பில் பிரேக் போட்டேன். வண்டி நிக்கல. குறுக்கே யாரும் வரலை, பிழைச்சேன்.

ஏன் நிக்கலன்னு தேடினப்போதான் இந்த வரலாறு கிடைச்சது.

கணக்கு எளிமையானது. சக்கரத்தோட பிடிமானம்னா, அதன் மேல இருக்கிற எடையை உராய்வு எண்ணால பெருக்கணும். இன்ஜின் முன்னாடி இருக்கிற வண்டியில, தள்ளுற பின்சக்கரத்து மேல எடை கம்மி. காய்ஞ்ச தார் ரோட்டில் சுமார் 0.8 இருக்கிற உராய்வு, இறுகின பனியில் 0.2, 0.3-க்கு இறங்கிடும்.

ஆரம்ப கால ஓட்டுநர்கள் டயரில் கயிறு சுத்தினாங்க. அதை ஒழுங்கான சங்கிலியாக்கி, 1904-ல் காப்புரிமை வாங்கினவர் நியூயார்க் மாநிலத்தின் ஹாரி வீட். 1934-ல் பின்லாந்தின் நோக்கியா ஊரில் இருந்த ரப்பர் ஆலை, லாரிகளுக்குன்னே ஒரு பனிக்கால டயர் கொண்டுவந்தது. கார்களுக்கான 'ஹக்கபெலீட்டா' வந்தது 1936-ல். இந்த ரெண்டுமே உராய்வு எண்ணைத்தான் உயர்த்தின.

இன்னொரு சிக்கல் டிஃபரன்ஷியல். ஒரு பக்கச் சக்கரம் பனியில் வழுக்கினா, சாதாரண டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தைச் சும்மா சுத்தவிடும், மத்த சக்கரம் நின்னுடும். 1956-ல் பேக்கார்ட் கார்களில் வந்த லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இதைக் குறைச்சது. 1971-ல் பியூக் நிறுவனத்தின் மேக்ஸ் டிராக், பின்சக்கரம் வழுக்குறதைக் கண்டுபிடிச்சு இன்ஜின் பற்றவைப்பையே விட்டுவிட்டு நிறுத்தியது. இவை புதுசா பிடிமானம் தரல. இருக்கிறதை வீணாக்காம பார்த்துக்கிட்டது, அவ்வளவுதான்.

இப்போ மணல் மூட்டைக்கு வருவோம். கிளம்பும்போது அது உண்மையிலேயே உதவும், பின்சக்கரத்துக்கு எடை கூடுதே. ஆனா நிறுத்தும்போது நாலு சக்கரமும் சேர்ந்து அந்தக் கூடுதல் எடையையும் நிறுத்தணும். பிடிமானம் எவ்வளவு கூடுதோ, நிறுத்த வேண்டிய பாரமும் அவ்வளவு கூடுது. லாபம் பூஜ்யம். நான் மாத்தினது எடையை மட்டும்தான், உராய்வு எண் அப்படியே இருந்தது.

அடுத்த வாரமே நாலு சக்கரத்துக்கும் பனிக்கால டயர் போட்டேன். தள்ளுறது பின்சக்கரம்தானேன்னு பின்னாடி ரெண்டு மட்டும் போடக்கூடாது. திருப்புறது முன்சக்கரம், பிரேக்கில் அதிக வேலை பார்க்கிறதும் அதுதான்.

பெரியவர் சொன்னது தப்பில்லை. அவர் வண்டியில ஏற்கெனவே பனிக்கால டயர் இருந்தது. அதை அவர் சொல்லல, நானும் கேக்கல.